கரடிக்குக் கண்ணீர் அஞ்சலி

கலோயன் செத்து அன்று ஒன்பதாம் நாள். செத்தவர் பேரில் படைக்கத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகக் கோதுமை அவித்துக்கொண்டிருந்தாள் அவன் அம்மா நெவேனா. அவள் தங்கை ருமியானா மேசையில் உட்கார்ந்து அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கவிழ்த்துவிட்டால் மட்டும் சும்மா கிடக்குமா? நிமிடத்துக்கு நாலு தரம் அதிர்ந்தது.

ஐந்து வயதுப் பிள்ளை மிருகக்காட்சிசாலையில் கரடிப் பள்ளத்துக்குள் விழுந்தான். காவலர் கரடியைச் சுட்டார். பிள்ளையும் பிழைக்கவில்லை. செய்தியில் வந்தது அவ்வளவுதான். மீதியை ஊரே எழுதிக்கொண்டது. பெற்றவள் போனில் மூழ்கியிருந்தாளாம், குடித்திருந்தாளாம். யாரோ ஒரு புண்ணியவான் கரடியின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி அச்சடித்து, நெவேனா வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதுவும் பிள்ளையின் அஞ்சலித் தாளுக்குப் பக்கத்தில். இவர்களெல்லாம் மனித ஜென்மம்தானா?

நடந்தது ருமியானாவுக்கு மட்டுமே தெரியும். நெவேனா சோளப்பொரி வாங்க வரிசையில் நின்றிருந்தாள். மார்ச் முதல் தேதி கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிறு பிள்ளையின் மணிக்கட்டில் இருந்தது. பூத்த மரத்தைக் கண்டதும் அதை அவிழ்த்துக் கிளையில் கட்டிவிட வேண்டும். வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாது. பள்ளத்தின் மேல் சாய்ந்திருந்த பிளம் மரம் வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது.

"சித்தி, அந்த ஒசரக் கிளையில கட்டணும்" என்று கெஞ்சினான்.

கம்பித் தடுப்பின் மேல் அவனைத் தூக்கி நிறுத்தியவள் ருமியானாதான். அவன் எட்டி எம்பினான். அவள் பிடி நழுவிவிட்டது. போலீஸ்காரரிடம், "அவனே ஏறிட்டான், நான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டாள். பயம், வேறென்ன?

இன்று காலை நெவேனாவைப் பற்றி இணையத்தில் ஒருவன் எழுதியிருந்தான்: 'இவள் வயிற்றில் இனி ஒரு பிள்ளை தங்கக் கூடாது.' அதற்கு இரண்டாயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். ருமியானா உடனே கைபேசியை எடுத்தாள். 'பிள்ளையைத் தடுப்பின் மேல் தூக்கியது நான். என் அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை' என்று எழுதிப் போட்டுவிட்டாள். முதலில் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பேரிடம் சொல்ல வந்த தைரியம் அந்த ஒருத்தியிடம் சொல்ல வரவில்லை.

பதில்கள் கொட்டின. 'அக்காவைக் காப்பாத்தப் பொய் சொல்றா.' 'பழியைத் தங்கச்சி தலையில கட்டிட்டா பாரு, கேடுகெட்டவ.' உண்மையை ஒரு ஆள்கூட நம்பவில்லை.

அதற்குள் நெவேனாவின் போனும் அதிர்ந்தது. படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணின? எனக்காக நீ ஏன் பழியைச் சுமக்கணும்? இந்த நாய்ங்க உன்னையும் குதறிடும்டி. அழிச்சிடு, மொதல்ல அதை அழிச்சிடு."

ருமியானா வாயே திறந்திருக்க வேண்டாம். தப்பிக்க வழியை ஊரே போட்டுக் கொடுத்திருந்தது. அக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதாலே போதும்.

"பொய் இல்லக்கா."

"என்னது?"

"நான்தான் தூக்கினேன். கயிறு கட்டறதுக்கு."

அணைத்திருந்த கைகள் தளர்ந்தன. நெவேனா கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

"பொரி வாங்கப் போய் என் பிள்ளையைக் கொன்னுட்டேன்னு தெனம் ராத்திரி அழுதேனே... 'அழாதக்கா'ன்னு நீதானேடி என் தலையைத் தடவிக்கிட்டுப் படுத்திருந்த?"