மேலிடத்தின் சிவப்பு பெல்ட்

இனி வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. யார் தலையில் வேண்டுமானாலும் கையை வைத்துச் சத்தியம் செய்யலாம். வழுக்கைத் தலையாக இருந்தால் கொஞ்சம் அழுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பது மாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், அதைவிட உயரமான கிரேனை ஓட்டியவள் ஒரு பெண். உச்சியில், கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து அவள் கை அசைத்தால்தான் கீழே கம்பியும் கல்லும் நகரும் என்பதால் கொத்தனார்கள் அவளுக்கு 'மேலிடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். கைத்திறமைக்கு ஒரு சாட்சி: ஒருமுறை சூப்பர்வைசரின் மூக்குக்கண்ணாடியை அவர் காதிலிருந்து கிரேன் கொக்கியால் கழற்றி, மேஜைமேல் மடித்து வைத்தாள். கண்ணாடியில் கீறல் இல்லை, காதிலும் இல்லை.

கிரேன் ஏறிய பதினோராவது வருஷம் சிறுநீர்ப்பையில் வலி வந்தது. அடிவயிற்றுக்குள் யாரோ இடுக்கியை வைத்துத் திருகுவது போல இருக்கும். உடனே போயாக வேண்டும் என்று அடித்துக்கொள்ளும். போனால் நாலு சொட்டு. தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தாள், வலி இன்னும் முறுக்கியது. கேபினிலிருந்து தரைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு படி. ஒருமுறை இறங்கி ஏற முக்கால் மணி நேரம். அதுவரை கீழே கலவை இறுகும். இருநூறு பேர் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்வார்கள்.

சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஏம்மா, மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இப்படியே ஏறி எறங்கிட்டு இருந்தா, நீ கேட்டுல உக்காந்து வர்றவங்க பேரை எழுது. மேல என் மச்சான் உக்காருவான்."

மச்சான் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சிபாரிசில் ஏறியதைத் தவிர வேறு எதிலும் ஏறிப் பழக்கமில்லாதவர். மேலிடத்துக்கு அன்று வயிற்றைவிட நெஞ்சு அதிகம் வலித்தது. அந்தக் கேபினை விட்டால் அவளுக்கு வேறு எங்கும் உட்காரத் தெரியாது.

டாக்டரம்மா எல்லாம் சோதித்துப் பார்த்தார். கல் இல்லை, கிருமி இல்லை. சும்மா இருக்கும்போதே நீர்ப்பை கோபித்துக்கொள்கிறது என்றார். மாத்திரை எழுதினார், டீயைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரைக் குறைத்ததற்குத் திட்டினார். கடைசியில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிவப்பு வெளிச்ச பெல்ட் ஒன்று இருக்கிறது, தினம் இருபது நிமிஷம் அடிவயிற்றில் கட்டிப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே என்றார்.

பெல்ட் வந்தது. ஆனால் மேலிடத்தின் வயிற்றுக்குத்தான் போய்ச் சேரவில்லை. முதல் நாள் மாமியார் முழங்காலுக்கு வாங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் கணவனின் கழுத்துக்குப் போனது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குதிகாலும் எதிர் வீட்டிலிருந்து இரண்டு இடுப்பும் வந்து வரிசையில் நின்றன. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் துள்ளியது. மூன்று வருஷமாகப் பூக்காத மிளகாய்ச் செடி பால்கனியிலிருந்து கழுத்தை நீட்டி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டில்மேல் காய்த்தது.

"அத்தை, அது எனக்கு வாங்கினது" என்றாள் மேலிடம்.

"உனக்குத்தாம்மா. நான் சும்மா சூடு இருக்கான்னு பாத்துத் தர்றேன்" என்றார் மாமியார், பத்தாவது நாளாக.

பதினோராவது நாள் பெல்ட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பெட்டியில் 'வீட்டில் மட்டுமே பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தது. எழுதிவைத்த விதியை அவள் மீறியதே இல்லை. ஆகவே கேபினுக்கு ஒரு தலையணை, ஒரு மிதியடி, ஜன்னலுக்குத் திரை, மாமியார் முறைத்துக்கொண்டிருக்கும் குடும்பப் புகைப்படம் எல்லாம் ஏற்றினாள். வீடென்றால் ஒரு சண்டையாவது நடந்திருக்க வேண்டுமே என்று, போனில் கணவனோடு அதையும் முடித்துவிட்டு, பத்து மணி டீ இடைவேளையில் பெல்ட்டைக் கட்டினாள்.

கேபினுக்குத் தரையும் கண்ணாடிதான். கீழே இருந்து பார்த்தால் உச்சியில் சிவப்பாக ஒன்று எரிந்தது. அந்தத் தொழிலில் கிரேன் உச்சியில் சிவப்பு எரிந்தால் ஒரே அர்த்தம்: மேலே காற்று அளவு மீறிவிட்டது, எல்லாரும் வேலையை நிறுத்த வேண்டும். சிவப்பு அணைந்த பிறகும் காற்று முழுக்க அடங்கிவிட்டதா என்று முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். டீ முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் வாக்கிடாக்கியை எடுத்தார். "மேல எப்படிம்மா இருக்கு?"

அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "இங்க உக்காந்திருக்கறவளுக்குத்தான் சார் தெரியும். வேணும்னா மேல வந்து பாருங்க."

அவர் வரவில்லை. பெல்ட் அணைந்தது. கீழே இருநூறு பேர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த முக்கால் மணி நேரமும் அவர்கள் காத்திருப்பது காற்றுக்காக, அவளுக்காக அல்ல. மேலிடம் நிதானமாக இறங்கினாள், போக வேண்டிய இடத்துக்குப் போனாள், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள், ஏறினாள். அவள் ஏறி உட்கார்ந்ததும் காற்று அடங்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

மறுநாளிலிருந்து கொத்தனார்களே காற்றைக் கவனித்துக்கொண்டார்கள். கீழே ஓர் இலை அசையாது. ஆனாலும் சிவப்பு எரிந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து நடந்தார்கள். ஒருவர் சிமெண்டு மூட்டையோடு தன்னைக் கட்டிக்கொண்டார். மூத்த கொத்தனார் நேர்த்தியாக நாற்பத்தைந்து டிகிரியில் சாய்ந்து, நின்றவாக்கில் தூங்கி எழுந்தார். தனக்கு மட்டும் காற்று தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட சூப்பர்வைசர், பான்ட் பையில் ஜல்லியைப் போட்டுக்கொண்டார்.

மேலிடத்துக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தது. வெளிச்சமா, மாத்திரையா, தண்ணீரா, படிகளைப் பயந்து பயந்து எண்ணாமல் இறங்கியதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் இறங்கவே வேண்டாம் என்கிற அளவுக்கு இன்னும் சரியாகவில்லை. மாசக் கடைசியும் வந்துவிட்டது.

அன்று காலை புது ஷூவும் புது ஹெல்மெட்டுமாக மச்சான் வந்து இறங்கினார். கண்ணாடித் தரை வழியாக அவரைப் பார்த்ததுமே மேலிடம் பையைத் திறந்தாள். பத்து மணி அடிக்கக் காத்திருக்காமல் பெல்ட்டைக் கட்டினாள்.

மச்சான் சுற்றிலும் பார்த்தார். இருநூறு பேர் ஒரே பக்கம் சாய்ந்து நின்றார்கள். அக்கா புருஷனான சூப்பர்வைசர் தூணைக் கட்டிப்பிடித்திருந்தார். மச்சான் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார், அசையவில்லை. காற்று இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தார்.

"மாமா, எனக்கு ஃபோர்க்லிஃப்டே போதும். அக்காகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க."

புது ஷூ வெளிவாசலை நோக்கி ஓடியது, அதுவும் சாய்ந்தபடி.

மேலிடம் முந்நூறாவது படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "நீயே இரும்மா" என்றார் சூப்பர்வைசர். "இந்தக் காத்துல வேற எவன் உக்காருவான். எத்தனை தடவை வேணும்னாலும் எறங்கிக்கோ, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அவள் படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மீதியையும் இறங்கினாள்.

சத்தியத்துக்கு வைத்த கையை இனி எடுத்துவிடலாம்: அந்த மனையில் கட்டியது ஒரே ஒரு தகரக் கொட்டகை; அதற்குக் கிரேன் கொண்டுவரவே இல்லை.