பத்தொன்பது அம்புகள்

சட்டையை உள்பக்கமாகத் திருப்பித் தோள் தையலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த ஃபோன் துடித்தது. தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போகுமுன் கடைசியாகக் கைபடும் மேசை அவளுடையது. பிசிறு இருந்தால் வெட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பொத்தான்கூட வெளியே போக முடியாது என்பது அந்தத் தையல் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலை நேரத்தில் ஃபோனைத் தொடக் கூடாது என்பதும் தெரியும்தான். ஆனால் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் சட்டையை அப்படியே போட்டுவிட்டு, மெஷின் சத்தம் எட்டாத துணிக்கிடங்குக்குள் ஓடினாள்.

ஏழு வாரமாக இந்த எண்ணுக்குத்தான் காத்திருக்கிறாள். ஐந்தரை வயது மகளுக்கு ஆட்டிசம் என்று உளவியல் நிபுணர் வாயால் சொல்லி ஏழு வாரம். எழுத்தில் இரண்டே வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். கேட்கும்போதெல்லாம் நிபுணரின் மையத்து வரவேற்பறைப் பெண், "கையெழுத்துக்குப் போயிருக்கும்மா" என்பாள். அந்தக் கையெழுத்து நடந்தே போயிருந்தாலும் இந்நேரம் ஊரைச் சுற்றிவிட்டு வந்திருக்கும். பள்ளியிலோ தலைமையாசிரியை தேதி குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அறிக்கை வந்தால், வகுப்பில் மகள் பக்கத்திலேயே உட்கார ஓர் உதவி ஆசிரியை கிடைப்பாள். வராவிட்டால் அந்த ஆளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அடுத்த வருடம்தான். இன்று புதன்கிழமை.

பேசியது வரவேற்பறைப் பெண் இல்லை, உளவியல் நிபுணரே.

"நீங்க பூர்த்தி பண்ணிக் குடுத்த ஃபார்ம்ல ஒரு சிக்கல். நாங்க இங்க பார்த்த குழந்தைக்கும் நீங்க எழுதியிருக்கிற குழந்தைக்கும் ஒத்துப்போகல. தானா சாப்பிடுவா, தானா உடுத்துவா, வெளிய போனா கூடவே வருவான்னு எல்லாத்துக்கும் ஆமான்னு டிக் போட்டிருக்கீங்க. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, தனி உதவி தேவையில்லன்னுதான் வருது."

"தானாத்தான் மேடம் செய்யுறா" என்றாள்.

"நீங்க பக்கத்துல இல்லன்னா?"

கிடங்கில் நீலத் துணிச் சுருள் ஒன்றில் கை வைத்தபடி நின்றாள்.

"நாளைக்குக் காலைல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நல்ல நாள வேண்டாம், மோசமான நாள எழுதுங்க" என்றார் நிபுணர்.

அன்று மதியம் முழுக்க அவள் கையில் சட்டையே ஓடவில்லை. அந்தப் படிவத்தை வீட்டில் நல்ல பேனாவாகத் தேடி எடுத்துப் பூர்த்தி செய்தது நினைவுக்கு வந்தது. பொய் என்று நினைத்து எதையும் எழுதவில்லை. மகள் தானாகச் சட்டை போடுவாள், உண்மை. எல்லாச் சட்டையிலும் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டி, தையலைப் பிரித்து வெளிப்பக்கம் வருமாறு இவள் மறுபடி தைத்து வைத்திருப்பதால் போடுவாள். தானாகச் சாப்பிடுவாள், அதுவும் உண்மை. ஒன்றோடொன்று ஒட்டாமல் மூன்று கிண்ணத்தில் பிரித்து வைத்தால். பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, பிசிறு தெரியும் முன்பே வெட்டி வெட்டிப் பழகிய கை. ஊரார் சட்டையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், தன் வீட்டுச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணிவிட்டாள். அட கடவுளே, இதற்குப் போய் இவ்வளவு அழகான கையெழுத்து வேறு!

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அரைச் சுருள் அம்பு ஸ்டிக்கர் கைப்பையில் இருந்தது. மகள் வழக்கம்போலச் சுவரோரமாக, தோளை உரசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். இந்த நடையால்தான் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். பெயர் வைத்தது மகளின் அப்பா. பஸ் ஓட்டுகிறவன், காக்கிச் சட்டைகூடக் கழற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் படிவத்தின் நகலை மேசையில் விரித்து விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம புள்ள மேல நாமளே புகார் எழுதணுமா? நல்லா இருக்கே நியாயம்! மக்கு, முரடுன்னு நாளைக்கு ஊரே படிக்கட்டும்" என்றான்.

"ஊரு படிக்காதுங்க. பள்ளிக்கூடம் படிக்கும். இல்லன்னா ஆள் கிடைக்காது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் வேலைமேசையில் செய்வதைப் போலவே செய்தாள். ஒவ்வொரு கேள்வியாக விரலை ஓட்டி, தான் பக்கத்தில் இருந்தால் மட்டுமே உண்மையாகும் டிக்குகளின் மேல் ஓர் அம்பு ஒட்டினாள். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. வெள்ளைத் தாள் அம்மை போட்டது போலச் சிவந்து கிடந்தது. அடுப்பை அணைக்க உள்ளே போனவள் திரும்பி வருவதற்குள், கட்டெறும்பு சுவரை விட்டு மேசைக்கு வந்திருந்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்த அம்புகள் அவளுக்குப் பொறுக்கவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, தாளின் ஓரத்தில் ஒரே வரிசையாக, எல்லாம் ஒரே திசை பார்க்க ஒட்டிக்கொண்டிருந்தாள். "நேரா. நேரா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரிசை அளவுகோல் வைத்த மாதிரி இருந்தது.

"உன் மேசைக்கு ஆள் ரெடி" என்றான் அவன், சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எது எந்தக் கேள்வியின் அம்பு என்று இனித் தெரியாது. எல்லாவற்றையும் மனதிலிருந்துதான் எழுத வேண்டும்.

எழுதினாள். சட்டை, கிண்ணங்கள், குழாய்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மணிக்கணக்கில் அலறுவது, தலை வாரினால் தரையில் விழுந்து புரள்வது. ஒவ்வொரு வரி எழுதியதும் மகளைத் திரும்பிப் பார்த்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் கோள் சொல்வதைப் போல. 'வெளியே கூடவே வருவாளா' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு ஒரே மூச்சில் எழுதித் தாளைக் கணவன் பக்கம் தள்ளினாள். வாயால் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

அவன் படித்தான். கடைத்தெருவில் கையை உதறிக்கொண்டு போன மகள், சுவரோரமாகவே நடந்து பெரிய சாலை வரை போய்விட்டாள். பதினோரு நிமிடம் கழித்து, லாரிகள் போகும் இடத்தில், சுவர் முடிந்துவிட்டதால் நின்றிருந்தாள். நாலு மாதத்துக்கு முன்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றான்.

"எப்படிச் சொல்லுவேன்? ஒரு புள்ளயப் பார்த்துக்கத் துப்பில்லயான்னு கேட்டிருப்பீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் மெதுவாகச் சுருட்டினான். அரைவட்டமாக ஒரு பழைய தழும்பு. பஸ் கதவு இடித்தது என்று அவன் சொன்ன தழும்பு.

"டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, ஒரு ஞாயித்துக்கிழமை. பக்கத்து வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சான். கடிச்சிட்டா. வாய விடவே இல்ல." தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "இதையும் எழுது."

வியாழன் காலை அந்தப் பக்கத்தையும் படிவ நகலையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நிபுணர் ஓரத்து அம்புகளைப் பார்த்து இது என்னவென்று கேட்டார். "அவ ஒட்டினது மேடம். நேரா ஒட்டுவா. அதையும் எங்கயாச்சும் எழுதிக்கோங்க" என்றாள். நிபுணர் தலையாட்டினார். முடிந்தால் நாளை மதியத்துக்குள் பள்ளிக்கே அனுப்பிவிட்டு ஃபோன் செய்வதாகச் சொன்னார். அந்த 'முடிந்தால்' அவளோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. மூன்றே கால். இப்போது புதுப் பயம் ஒன்று சேர்ந்துகொண்டது. கூடுதலாக எழுதிவிட்டோமோ? ஓடிப்போவாள், கடிப்பாள் என்று படித்துவிட்டு, உதவி ஆளும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று பள்ளியே கைகழுவிவிட்டால்? தன் கையாலேயே மகளுக்கு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோமோ? ஒரே சட்டையை நாலாவது முறையாகத் திருப்புவதைப் பார்த்த சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "ஃபோன மேசை மேலயே வைம்மா. நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

வைத்தாள். ஃபோனின் முதுகில் காலையில் கட்டெறும்பு ஒட்டிய சிவப்பு அம்பு, விளிம்புக்குக் கொஞ்சமும் கோணாமல் இருந்தது. திரை மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள். மூன்று ஐம்பத்திரண்டு. சட்டையை எடுத்துத் தோள் தையலில் விரலை வைத்தபோது ஃபோன் அதிர ஆரம்பித்தது, திரையில் அதே எண். அதிர்ந்தபடியே, வழுவழுப்பான மேசையில் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து, ஓரத்தை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரம் முடிய நாலு விரல்கடைதான் இருந்தது. அவள் சட்டையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.