ஆறாவது பெயர்

பெண்கள் ஜூடோவில் எழுபது கிலோவுக்கு மேல், எழுபத்தெட்டுக்குள் என்று ஒரு பிரிவு. அதில் ஆட ஐந்து பெயர்கள்தான் சேர்ந்திருந்தன. ஆறு சேர்ந்தால்தான் நடத்துவார்கள், ஐந்தோடு நின்றால் பிரிவையே எடுத்துவிடுவார்கள். சாதாரண நாட்களில் இதற்காக யாரும் தலையைச் சொறிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று மாரிசெல் உர்த்தியாகாவின் பெயர். கொச்சபம்பா நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில் பாதிக்கு மேல் அவள் படம்தான் ஒட்டியிருந்தது. தென் அமெரிக்க விளையாட்டுப் போட்டியை ஊருக்குக் கொண்டுவந்து, அரங்கம் கட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, பதக்கம் வாங்குகிறவளின் படத்தையும் ஒட்டிவிட்டு, அவள் ஆடுகிற ஆட்டமே கிடையாது என்றால் பொலிவியா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்?

ஒரு நாடு இரண்டு பேரை இறக்கலாம். பயிற்சியாளர் லெதெஸ்மா பயிற்சிக்கூடத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். பாயில் அப்போதுதான் முதுகடித்து விழுந்து எழுந்துகொண்டிருந்தாள் டெல்மிரா ஆர்னெஸ்.

"நீ எத்தன கிலோ இருக்கே?"

"அறுபத்தேழு, மாஸ்டர்."

"எழுபது தாண்டணும். எட்டு நாள் இருக்கு. சாப்பிடு."

ஒன்பது வருடமாக டெல்மிரா எதிர்பார்த்த அழைப்பு இப்படித்தான் வந்தது, சாப்பாட்டு அழைப்பாக.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. கடைசி ஆறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை, மாரிசெலிடம் விழுவது. காலை ஏழு மணிக்கு மாரிசெல் அவள் கழுத்துப்பட்டியைப் பிடிப்பாள், இடுப்பில் ஏற்றுவாள், வீசுவாள். டெல்மிரா விழுவாள், எழுவாள், மறுபடி கழுத்தைக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. மாரிசெல் வெளிநாடு போய்ப் பதக்கத்தோடு வரும்போது விமான நிலையத்தில் பையைத் தூக்குகிறவர்களில் டெல்மிராவும் ஒருத்தி. அடுத்த வருடம் தேசிய அணியின் பட்டியலைப் புதிதாக எழுதப்போகிறார்கள். முப்பதை எட்டியவர்களுக்கு அதில் இடமில்லை, இந்தப் போட்டியில் பதக்கம் வாங்கினவர்களைத் தவிர. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பயிற்சிக்கூடத்தின் சாவி இல்லை, காலை ஏழு மணி இல்லை. டெல்மிராவுக்கு அந்த ஏழு மணியைத் தவிர உலகத்தில் வேறு சொத்து கிடையாது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அம்மா டோன்யா ஃபெர்மினா, லா கான்சா சந்தையில் முப்பது வருடமாக உருளைக்கிழங்கு விற்கிறவள். எதிரே நிற்கிறவர் வாய் திறப்பதற்கு முன்பே எவ்வளவு குறைத்துக் கேட்பார் என்று சொல்லிவிடுவாள்.

"அம்மா, போட்டியில என் பேரச் சேத்துட்டாங்க."

"எத்தனாவது பேரா?"

"ஆறாவது."

"ஏன், அஞ்சு போதலையாமா அவங்களுக்கு?"

"ஆறு இருந்தாத்தான் நடத்துவாங்களாம்" என்றாள் டெல்மிரா. சந்தைக்காரிக்கு அது போதும்.

"புரியுது, புரியுது. கொசுறு. கிலோவுக்கு மேல ரெண்டு கிழங்கு போடறேனே, அந்த ரெண்டுல நீ ஒண்ணு. ஏண்டி, உன்னக் கூட்டிட்டுப் போறது சண்டை போடவா, தராசுல நிக்கவா?"

"ரெண்டுக்கும்தான்மா. புதன்கிழமை. நீ வருவியா?"

"புதன் சந்தை நாளுடி. நான் எந்திரிச்சா பக்கத்துக்காரி ஆல்தினா என் எடத்துல மூட்டைய எறக்கிடுவா. அப்புறம் அத எடுக்க நான்தான் ஜூடோ கத்துக்கணும். டிவில வருவியா?"

"தெரியலம்மா."

"வந்தா பாக்கறேன்."

வீரர்கள் தங்கும் குடியிருப்பு நகரத்தின் ஓரத்தில் இருந்தது. டெல்மிராவின் வீடு அங்கிருந்து மூன்று பேருந்து நிறுத்தம்தான். ஆனாலும் போட்டி முடியும்வரை வெளியே போகக்கூடாது என்று விதி. சொந்த ஊரில், வெளியூர்க்காரி மாதிரி கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாள். உணவுக்கூடத்தில் எடைப் பிரிவுக்காரர்கள் எல்லோரும் எடை குறைக்கிற தவத்தில் இருந்தார்கள். கொலம்பியாக்காரி ஒரு பனிக்கட்டியை அரைமணி நேரமாகச் சப்பிக்கொண்டிருந்தாள். பெரு நாட்டு மல்யுத்த வீரன் ஒருவன் ஒரு திராட்சையை நான்காக நறுக்கித் தின்றான். அவர்களுக்கு நடுவில் டெல்மிரா, சோற்றின் மேல் தட்டையாக அடித்த இறைச்சி, அதன் மேல் இரண்டு முட்டை என்று சில்பாஞ்சோவை மூன்றாவது தட்டாக வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கூடம் முழுக்க அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தது. பரிமாறுகிற அம்மாள் மட்டும் வாய்விட்டே கேட்டாள்.

"இன்னொரு தட்டா தங்கச்சி? உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

மேசையில் அவளோடு யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தது மாரிசெல் ஒருத்திதான். கையில் கால் கோப்பை எலுமிச்சை நீர். எண்பதிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கவேண்டிய கட்டம் அவளுக்கு.

"அந்த முட்டைய எதுவாச்சும் வெச்சு மூடு டெல்மி. அது என்னையே பாக்குது."

"நீ வேற மேசைக்குப் போயேன்."

"போனா யார்கிட்ட புலம்பறது? நீ தின்னு. எனக்கும் சேத்துத் தின்னு." கொஞ்ச நேரம் வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ இல்லன்னா என் பிரிவே போயிருக்கும் தெரியுமா? ரொம்ப தேங்க்ஸ்டி."

மனதாரச் சொன்னாள். அதனால்தான் அது உள்ளே போய்க் குத்தியது.

செவ்வாய்க்கிழமை மாலை எடை பார்த்தார்கள். டெல்மிரா ஏறி நின்றாள். அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது. தராசு இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டாதா என்று ஏங்குவது அவள் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்த வழியில்லை. லெதெஸ்மா ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார். அவள் நின்ற இடத்திலேயே குடித்து முடித்து மறுபடி ஏறினாள். எழுபது புள்ளி மூன்று. அதிகாரி ஆறாவது பெயருக்கு எதிரே குறி போட்டார். லெதெஸ்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்றார். டெல்மிராவுக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

புதன்கிழமை காலை முதல் ஆட்டம், பிரேசில்காரியோடு. அரங்கம் "போ-லி-வியா, போ-லி-வியா" என்று கத்தத் தொடங்கியது. மூன்றாவது தடவை கத்தி முடிப்பதற்குள் டெல்மிரா பாயில் கிடந்தாள். பத்தொன்பது விநாடி. கத்தினவர்கள் சோளப்பொரி பக்கம் திரும்பினார்கள்.

தோற்றவர்களுக்கு வெண்கலத்தை நோக்கி இன்னொரு வழி உண்டு. அந்த வழியில் அவளுக்கு உருகுவேக்காரி கிடைத்தாள். நல்ல ஆட்டக்காரி, ஆனால் கடலோரத்திலிருந்து வந்தவள். கொச்சபம்பாவின் மலைக்காற்று இரண்டாவது நிமிடத்திலேயே அவளிடம் தன் வரியை வசூலித்துவிட்டது. வாயைத் திறந்து மீன் மாதிரி நின்றவளை டெல்மிரா கீழே தள்ளி, எழவிடாமல் இருபது விநாடி அழுத்திப் பிடித்தாள். முழுப் புள்ளி. எழுந்து பார்த்தபோது அரங்கம் முழுக்கப் பக்கத்துப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்திருந்தது. அரையிறுதியில் கொலம்பியாக்காரி மாரிசெலைத் தோற்கடித்துவிட்டாள்.

மின்பலகையில் அடுத்த ஆட்டத்தின் பெயர்கள் வந்தன. வெண்கலத்துக்கு: உர்த்தியாகா, பொலிவியா. ஆர்னெஸ், பொலிவியா.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. டெல்மிரா உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து தன் விலையைத் தீர்மானித்தாள். லெதெஸ்மா வருவார், பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார், "நம்ம நாட்டுக்காக" என்று ஆரம்பிப்பார். அவள் உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது. அம்மா செய்வதுபோல முதலில் வேறெங்கோ பார்க்கவேண்டும். பிறகு சொல்லவேண்டும்: விழறேன் மாஸ்டர், விழறது எனக்குப் புதுசா? அடுத்த வருஷப் பட்டியல்ல என் பேர எழுதுங்க. அவ்வளவுதான். அவர் முடியாது என்பார். அவள் எழுந்து போவதுபோலக் காட்டுவாள். அவர் கூப்பிடுவார். வாக்கியம் வாக்கியமாகத் தயாராக இருந்தது.

லெதெஸ்மா முதல் தடவை வந்து, மாரிசெலின் விரலுக்குச் சுற்றும் பட்டையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் தடவை வாசலில் நின்றார். டெல்மிரா எழுந்தாள்.

"மாஸ்டர்..."

"ஆங், டெல்மி, உன் வெள்ள அங்கி சுத்தமா இருக்கா? நீலம் மாரிசெலுக்கு. டிவில வரும், அழுக்கா தெரியக் கூடாது."

"சுத்தமா இருக்கு மாஸ்டர்."

"நல்லது."

போய்விட்டார். தோற்கச் சொல்லிக் கேட்கக்கூட யாரும் வரவில்லை. கேட்கவேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடையை விரித்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, ஒரு ஆள்கூட நின்று விலை கேட்காமல் மூட்டை கட்டுகிறவர்களை அவள் சந்தையில் பார்த்திருக்கிறாள். அவர்கள் முகம் ஏன் அப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் ஒரே நாடு என்றால் பயிற்சியாளர் யார் பக்கத்திலும் உட்காரக் கூடாது. பாயின் இரு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. லெதெஸ்மா பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார், நீல அங்கியின் பக்கம். அரங்கம் இப்போது நாட்டின் பெயரைக் கத்த முடியாமல், "மா-ரி-செல்" என்று கத்தியது. கூட்டம் முழுக்க டெல்மிராவின் ஊர்க்காரர்கள். மாரிசெலோ சமவெளியில் இருக்கும் சாந்தா குரூஸிலிருந்து வந்தவள். கேலி செய்ய மலைக்காரர்களுக்கும் சமவெளிக்காரர்களுக்கும் காரணமே தேவையில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்துப் படம் அதையெல்லாம் தாண்டிவிட்டது.

வணங்கினார்கள். மாரிசெலின் கை வழக்கமான இடத்தில் வந்து பிடித்தது. காலை ஏழு மணிப் பிடி. முதல் நிமிடம் இருவரும் இழுத்தார்கள், தள்ளினார்கள். இரண்டாவது நிமிடத்தில் மாரிசெலின் இடது கட்டைவிரல் கழுத்துப்பட்டிக்குள் அரை அங்குலம் இறங்கியது, மூக்கால் ஒரு சிறு மூச்சு உள்ளே போனது. அடுத்து இடுப்பு வரும். டெல்மிராவின் முதுகுக்கு அது ஆறு வருடமாகத் தெரியும். அந்த மூச்சு கேட்டதும் விழத் தயாராவது அவள் உடம்பின் பழக்கம்.

அவள் விழவில்லை. காலை ஒரு அடி தள்ளி வைத்து நின்றாள்.

மாரிசெல் திகைத்துப் பார்த்தாள். மறுபடி முயன்றாள். கட்டைவிரல், மூச்சு, இடுப்பு. டெல்மிரா அங்கே இல்லை. மூன்றாவது தடவை மாரிசெலுக்குக் கோபம் வந்துவிட்டது, முழு உடம்பையும் போட்டுத் திரும்பினாள். டெல்மிரா அந்தத் திருப்பத்தை அதன் போக்கிலேயே விட்டு, பின்னால் சுற்றி வந்து, இடுப்போடு அணைத்துத் தூக்கிப் போட்டாள். மாரிசெலின் முதுகு பாயில் முழுசாக விழுந்தது. நடுவரின் கை நேராக மேலே போனது.

மூவாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் குளிர்சாதன இயந்திரத்தின் ஓசை கேட்டது. பிறகு யாரோ கைதட்டினார்கள், சிலர் சேர்ந்துகொண்டார்கள், தவறான வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டவர்கள் தட்டுவதுபோல. லெதெஸ்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. "எப்படியும் வெண்கலம் நமக்குத்தான். கணக்குல ஒரு மாத்தமும் இல்ல."

பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தபோது நடைவழியில் மாரிசெல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நீல அங்கியைக் கூடக் கழற்றவில்லை.

"என் வீச்சு எப்ப வரும்னு உனக்கு எத்தன நாளா தெரியும்?"

"முத வருஷத்துலேருந்து."

"அப்ப தினமும் ஏன் விழுந்தே?"

"அதுக்குத்தானே மாரி என்னக் கூப்பிட்டாங்க."

"வேணும்னே விழுந்தியா?"

"தெரியல. நீ வீசினே, விழுந்தேன்."

மாரிசெல் கொஞ்ச நேரம் பதக்கத்தைப் பார்த்தாள். பொறாமையோடு பார்க்கவில்லை.

"இன்னிக்கு அந்தக் கொலம்பியாக்காரி என் வீச்ச நின்ன எடத்துலயே திருப்பிட்டா. ஏன்னு இப்பத்தான் புரியுது. ஆறு வருஷமா நம்ம கூடத்துல நான் யாரையும் ஜெயிக்கவே இல்ல டெல்மி. நீ விழுந்துகிட்டே இருந்திருக்கே." அங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாளாச்சும் நின்னிருக்கலாமே."

டெல்மிரா அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஆட்டக்காரிகளின் கைகள் சட்டென்று விலகத் தெரிந்தவை.

அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "டிவில அந்தப் பொண்ணு அழுததக் காட்டினாங்க. உன்னக் காணோமே, ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேம்மா."

"ஆல்தினாகிட்ட சொல்றேன். அவ நம்ப மாட்டா. போட்டோ அனுப்பு."

பட்டியல் விதிப்படியே வந்தது. எழுபத்தெட்டு கிலோ பிரிவில் ஒரே பெயர், ஆர்னெஸ், டெல்மிரா. மாரிசெல் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, சாந்தா குரூஸுக்குத் திரும்பி அங்கே வேறொருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டதாக லெதெஸ்மா சொன்னார். சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"உன் எடைக்கு இங்க வேற ஆள் இல்லியே. யாரக் கொண்டாறது?"

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஆண்கள் பிரிவைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலை டெல்மிரா பயிற்சிக்கூடத்தைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாய்களைத் துடைத்தாள். கால்களை நீட்டி வளைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். அங்கியைச் சரிசெய்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாயின் நடுவில் வந்து நின்றாள். மணி ஏழு. எதிரே ஆள் நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். வணங்கி நிமிர்ந்த பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தாள்.