காலால் பிறந்தவள்

இருளம்மாள் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது ஆனைக்குட்டத்தில் எவரும் மறுக்காத சங்கதி. தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு அவள் வீடு திரும்பும்போதே வாசலில் இரண்டு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

புருஷன் சீனிச்சாமி வெடிக் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவன். ஆறு மாதமாக முதுகுவலி. சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. மூட்டை தூக்குகிறவனுக்குச் சுளுக்கைத் தவிர வேறென்ன வரும்?

"ஊருக்கெல்லாம் மிதிக்கே, எனக்கு மட்டும் மாட்டியாக்கும்" என்று அறுபத்திமூன்றாம் வருஷம் சித்திரையில் ஒருநாள் குப்புறப் படுத்தான். அவளும் சிரித்துக்கொண்டே நடுமுதுகில் காலை வைத்து அழுத்தினாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. அவள் உள்ளங்காலுக்கே அது தெரிந்தது. அதன்பின் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசிங் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன.

"கால் ஒரே நாள்ல விழுந்துச்சா, கொஞ்சங் கொஞ்சமாவாம்மா? அடி கிடி பட்டுச்சா? சரியாச் சொல்லணும். கொஞ்சங் கொஞ்சமான்னா சீழ் அமுக்குது, ஊசிக்கும் படுக்கைக்குமே கேக்கும். ஒரே நாள்லன்னா எலும்பு நொறுங்கி நரம்பைக் குத்துது. உடனே அறுக்கணும்."

புருஷனை மிதித்து முடமாக்கியவள் என்ற பேரோடு எந்தத் தெருவில் நடப்பது?

"கொஞ்சங் கொஞ்சமாத்தான்யா" என்றாள்.

டாக்டர் சீனிச்சாமியிடமும் கேட்டார். அவன் இருளம்மாளை ஒருமுறை பார்த்தான். "ஆமாங்கய்யா, கொஞ்சங் கொஞ்சமாத்தான்."

வலியில் அவனுக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

முதுகின் அச்சுக்கு மாவுக்கட்டில் தொட்டி மாதிரி செய்து அதில் அவனைக் கிடத்தினார்கள். தினமும் ஊசி. நர்ஸ் தேவமணி காலையும் மாலையும் குண்டூசியால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்பாள். "இல்ல சிஸ்டர்" என்பான். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இருளம்மாள் மூன்று மாதம் ஓட்டினாள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். கிடைக்கத்தான் செய்தது, தொண்டையில் இறங்கவில்லை.

கடைசியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. விலாப்பக்கம் அறுத்து, ஒரு விலா எலும்பை வெட்டியெடுத்து, சீழையும் செத்த எலும்பையும் சுரண்டிவிட்டு, அந்த விலா எலும்பையே முதுகெலும்பில் முட்டுக் கொடுப்பார்களாம். கொதிநீரில் போட்டெடுத்து உள்ளே கொண்டுபோன தட்டில் உளி, சுத்தியல், எலும்பைக் கடித்தெடுக்கும் குறடு. ஆசாரி வீட்டுச் சாமானை வைத்தா புருஷனை அறுப்பார்கள்?

நாலு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். பஞ்சில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு எலும்புச் சில்லு.

"இது நரம்பைக் குத்திட்டு நின்னுச்சு. கொஞ்சங் கொஞ்சமா வந்ததில்லம்மா. ஒரே நாள்ல ஒடஞ்சது."

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். நோய் ஆறிரும். கால் இனி வராது."

மூன்றாம் நாள் சீனிச்சாமி தெளிவாகப் பேசினான். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான்.

"எனக்கும் அன்னைக்கு எலும்பு நொறுங்குன சத்தம் கேட்டுச்சு புள்ள. சொன்னா ஒன்னையப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாகன்னு பயந்துட்டேன்."

இருளம்மாள் எழுந்தாள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் அவன் பாதங்கள் இரண்டையும் கட்டிப்பிடித்து, முகத்தை அழுத்திச் சத்தம் வராமல் அழுதாள்.

தலையைத் தூக்க முடியாத சீனிச்சாமி கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏ புள்ள, எங்கன போயிட்டே?"