ஒரு பிள்ளைக்கு இடம்

எர்னஸ்டீனின் மகன் கால்வின் ஏறிய பேருந்து கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டு ஒடெஸா மூச்சிரைக்க ஓடி வந்தாள். புருஷனுடைய கோட்டை வெட்டிச் சின்னதாக்கித் தைத்திருந்தாள். "பென்சில்வேனியாவுல குளிரு எலும்பத் தின்னுடும். போட்டுக்கடா ராசா" என்று ஜன்னல் வழியாகத் திணித்தாள். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எர்னஸ்டீனுக்கு மகனைப் பார்த்துக் கையசைக்கக்கூட முடியவில்லை.

வர்ஜீனியாவில் அவர்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடப்பது இது இரண்டாவது வருஷம். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், அதைவிடப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வெள்ளை அதிகாரிகள் சங்கிலி போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி திறந்துகொண்டார்கள். உங்களுக்கும் தனியாக ஒன்று வைத்துத் தருகிறோம் என்று கறுப்பர்களுக்கும் ஆசை காட்டினார்கள். அன்றைக்குத் தேவாலயத்தில் எழுந்து நின்றவள் எர்னஸ்டீன்தான். "தனியாக் குடுக்கறத வாங்குனா வழக்கே செத்துப்போயிரும். உக்காந்தா எல்லாரு பிள்ளையும் சேந்து வீட்ல உக்காரட்டும்" என்றாள். கைகள் உயர்ந்தன. ஒடெஸா கையைத் தூக்கிய பிறகுதான் மடியில் இருந்த மகள் ரூபெல்லைக் குனிந்து பார்த்தாள்.

போன மாதம் போதகரின் மனைவி எர்னஸ்டீனிடம் வந்து சொன்னாள்: "வடக்க ஒரு குடும்பம் ஒரு பிள்ளைய வீட்ல வச்சுப் படிக்கவைக்கிறாங்களாம். உங்க தெருவுக்கு ஒரு இடம். ஒடெஸாகிட்டயும் பேசி முடிவு பண்ணு." எர்னஸ்டீன் பேசவில்லை. மறுநாளே கால்வினின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது ஒடெஸா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். "நம்ம தெருவுல ஒருத்தனாவது படிக்கப் போறானே." புகையிலைக் கொட்டகை தாண்டியதும் எர்னஸ்டீன் நின்றுவிட்டாள்.

"அந்த இடம் ரூபெல்லுக்கும் வந்ததுதான். உன்கிட்டக் கேக்கச் சொன்னாங்க. நான் கேக்கல."

ஒடெஸா அவள் பக்கம் திரும்பினாள். "கேட்டிருந்தா கால்வினையே அனுப்புன்னுதான் சொல்லியிருப்பேன். எம்புள்ள சின்னது, என்ன விட்டு இருக்காது. வெள்ளைக்காரன் நம்மள ஒரு வார்த்த கேக்காம கதவப் பூட்டுனான். நீயுமாடி?" அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

எர்னஸ்டீன் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமை சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பிவைத்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். மற்றப் பிள்ளைகள் வந்தார்கள். ரூபெல் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் அவள் கோழிகளை விரட்டிக்கொண்டிருப்பது பாடத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது. போய்க் கூப்பிட எர்னஸ்டீனுக்குக் கால் வரவில்லை.

இலையுதிர்காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, ரூபெல் தலைவாரி, முகம் கழுவி, கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா அனுப்புச்சு. படிக்க மட்டும்தான் போகணுமாம். உங்க வீட்ல ஒண்ணும் சாப்பிடக் கூடாதாம்."

எர்னஸ்டீன் அப்போதுதான் அடுப்பிலிருந்து சோள ரொட்டியை எடுத்திருந்தாள். பிள்ளைகள் தட்டை நோக்கிக் கை நீட்டினார்கள். கொடுக்கவும் முடியாமல், மூடிவைக்கவும் முடியாமல் அவள் கத்தியோடு நின்றாள். ரூபெல் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது என்ன எழுத்து?"

எர்னஸ்டீன் சொன்னாள். ரூபெல் எச்சிலை விழுங்கிவிட்டு, விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினாள்.