பெற்றோர் கையொப்பம்

விண்ணப்பத்தின் மேல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வைத்தாள் மனைவி. பேனாவைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா பெரியவளுக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடக்காது. மாப்பிள்ளையோட பெரியப்பா உங்க பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருக்காரு. ஞாபகம் இருக்கட்டும்."

சின்னவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துப் பத்து நாளாகிறது. போன தேர்வில் மின்விசிறிச் சத்தம் தாங்காமல், காதைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டாள். தனி அறையும் கூடுதல் நேரமும் கிடைத்தால் எழுதிவிடுவாள்; விண்ணப்பம் அதற்குத்தான். இன்னொரு முறை தவறினால் படிப்பு அத்தோடு சரி.

அவர் பேனாவை மூடினார்.

இதில் வேடிக்கை, பல்கலைக்கழகத்தில் இந்த விண்ணப்பங்களை வாங்கும் எழுத்தரே அவர்தான். தயங்கும் தகப்பன்மாரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்குவார். சாப்பிடும்போது வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார்.

அன்று பதினோரு மணிக்கு ஆபீசில் அவர் முன்னால் வரிசையில் சின்னவள் வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்ததால், பக்கத்து மேஜைக் கண்காணிப்பாளருக்கு அவள் யாரென்று தெரியாது.

தலைக்கு மேல் விசிறி கடகடவென்று ஓடியது. அவள் கைகள் காதுக்குப் போயின. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஒருத்தரையும் கேட்காமல் விசிறியை நிறுத்தினாள். கடவுள் அன்று அந்த அறைக்கு வந்தது அவ்வளவுதான்.

ஆபீசில் அப்பா என்று கூப்பிடக் கூடாதென்பது வீட்டுக் கட்டளை. சின்னவள் சொன்ன சொல் தவறாதவள்.

"சார், எங்கப்பா கையெழுத்துப் போடல. இங்க இருக்கற சார், 'இதுல என்னங்க வெக்கம், நம்ம புள்ளதானே'ன்னு சொல்லிப் போட வச்சிடுவாராம். எங்கப்பாகிட்டயும் சொல்றீங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "பாவம், யார் வீட்டுப் பொண்ணோ. இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா?"

எழுத்தரின் கை பழக்கத்தில் முத்திரையை எடுத்துக் குத்தியது: 'பெற்றோர் கையொப்பம் இல்லை. திருப்பப்படுகிறது.'

அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு நான்காக மடித்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் கடைசின்னு பலகையில இருக்கு. நாளைக்கும் வரேன் சார்."

அவள் படியிறங்கியதும் ஆயா விசிறியை மறுபடி போட சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"வேணாம்மா," என்றார் அவர். வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்படியே இருக்கட்டும்."