வீடு தேடி வந்த புகை

தொண்ணூற்று மூன்றில், ரப்பருக்கு நல்ல விலை கிடைத்த மகர மாதத்தில், உதியன்குளங்கரை சந்திப்பில் வண்டிகள் விட்ட புகை அந்திக்கு வீடு திரும்பத் தொடங்கியது. ஓட்டியவன் வீட்டுக்குப் பெரும்பங்கு, ஏறிப் போனவர்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு கைப்பிடி. வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்கும், பிறகு உள்ளே வந்து உத்தரத்தில் ஏறி இருந்துகொள்ளும். முதல் வாரம் ஊரே பயந்து ஜெபமும் பூசையும் நடத்தியது. அடுத்த வாரம் பழகிப்போயிற்று. அடுத்த வருஷம் பெண் பார்க்க வருகிறவர்கள், அந்த வீட்டில் புகை எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்து மதிப்புப் போட ஆரம்பித்தார்கள். புகையில்லாத வீடு நடந்து போகிறவர்களின் வீடு. அங்கே யார் சம்பந்தம் வைப்பார்கள்?

பாறசாலைக்கும் ஒற்றசேகரமங்கலத்துக்கும் இடையே ஜீப் ஓட்டிய எலியாவுக்கு அந்தக் கணக்கில் பெரிய மதிப்பு. அவர் வீட்டில் புகை பாய் வரை இறங்கிவிட்டது. மனைவி சுகிர்தபாய் சோற்றுப் பானையைத் தடவித்தான் கண்டுபிடிப்பாள். இளைப்பு வந்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்து நாளாயிற்று என்பது ஒருநாள் எலியாவுக்கு உறைத்தது. ஜீப்பை அதே சந்திப்பில் வண்டி ஓட்டிய சஜிக்கு விற்றுவிட்டு, நெய்யாற்றின்கரைப் பட்டறைக்காரர் ஒருவர் செய்து வைத்திருந்த பேட்டரி வண்டியை வாங்கினார். இரண்டு பக்கமும் பெஞ்சு, புகையுமில்லை, சத்தமுமில்லை. வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் மோகனன் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். இனி இதில்தான் போவோம் என்று அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஒருத்தராவது தூக்காமல் இருந்திருந்தால் எலியா உஷாராகியிருப்பார்.

மறுநாள் காலையில் வண்டி சந்திப்பில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. “நல்ல வண்டியாக்கும், எலியா. நாட்டுக்கு இது வேணும். இண்ணைக்கி எனக்கு கொஞ்சம் திரக்கு உண்டு, வேகம் போய்ச் சேரணும், கேட்டியா” என்று சொல்லிவிட்டு மோகனன் சஜியின் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு விஜயம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள். “மக்கா, ஒனக்க வண்டியில ஏறினா வீட்டுக்குப் புகை வராது. மவள பாக்க வாறவிய என்ன நெனைப்பாவ? மத்தவிய ஏறட்டு, நானும் ஏறுவேன்.” மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வீட்டிலோ புகை மெல்லக் கலைந்தது. சுகிர்தபாய் நீட்டி நிமிர்ந்து உறங்கினாள். “ஒங்களுக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எலியா எதையும் கொடுத்திருப்பார், ஆனால் கொடுக்கத்தான் கையில் எதுவும் இல்லை. பானை நன்றாகத் தெரிந்தது, அதில் ஒன்றுமில்லாததும் தெரிந்தது. “நீங்க ஜீப்புக்கே போங்க. எனக்க மூச்ச கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்று அவளே சொன்னாள். எலியா சஜியிடம் கூலிக்கு ஓட்டப் போனார். புகை வழி மறக்காமல் வந்தது. கர்க்கடக மாத மழையில் ஒரு மத்தியானம், அவர் சந்திப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சுகிர்தபாய் சுவரில் சாய்ந்தபடியே இறந்துபோனாள். போகாமல் இருந்திருக்கலாம் என்று எலியா அழுதார். போகாமல் இருந்திருந்தால் தின்ன எதுவும் இருந்திருக்காது.

பெட்டியை ஜீப்பில் ஏற்றப் போனபோது விஜயம்மாதான் மறித்தாள். “செத்த பொறவும் அவளுக்குப் புகை வேணுமாலே?” பேட்டரி வண்டியின் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே பெட்டி அளவெடுத்த மாதிரி பொருந்தியது. வண்டிக்குச் சத்தம் இல்லாததால் பாட்டு கல்லறை வரை தெளிவாகக் கேட்டது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு சாவு விழுந்தால் கோட்டுகாலிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இறந்த மோகனனும் அதில்தான் வீடு வந்தார். தொண்ணூற்றொன்பதுக்குள், வாசகசாலையில் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

எலியா பிறகு வேறு வண்டியைத் தொடவில்லை. சாவு ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது சந்திப்பில் நிறுத்தி, “ஒற்றசேகரமங்கலத்துக்கு ஆராவது வாறியளா?” என்று கேட்பார். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். அந்தியில் எல்லா வீட்டுக்கும் புகை வந்து சேரும். எலியாவின் வீட்டுக்கு மட்டும் வராது. அங்கே பானை, பாய், சுகிர்தபாய் சாய்ந்திருந்த சுவரில் அவள் தலை பட்ட எண்ணெய்க் கறை, எல்லாம் தெளிவாகத் தெரியும்.